தறிக்காரி வாய்

மான்செஸ்டர்
12 ஏப்ரல் 1955

அன்புள்ள ஹெட்டி அக்காவுக்கு,

உன் இருமல் எப்படி இருக்கிறது? வில்ஃப் அத்தானின் முழங்கால் மழைக்கு வலிக்கிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலமானால் தொண்டை கரகரக்கிறது, வெந்நீரில் தேன் விட்டுக் குடிக்கிறேன்.

கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார். 'குடைக்கடைக்காரி' என்று ஒரு புது இசை நாடகம். அதில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடுகிறவள் நான் இல்லை. யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஏற்றிவிடுவார்கள் என்று ஓரத்தில் காத்துக் கிடக்கிறவளும் இல்லை. அந்தக் குடைக்கடைக்காரியே நான்தான்! ஏழு பாட்டு. சுவரொட்டியில் ஐவி நட்டல் என்று என் முழங்கை நீளத்துக்குப் பெயர். பதினெட்டு வருடம் மற்றவள் முதுகுக்குப் பின்னால் நின்று பாடியவளுக்கு முப்பத்தெட்டு வயதில் கிடைத்திருக்கிறது. மான்செஸ்டர், லீட்ஸ், கிளாஸ்கோ, பிளாக்பூல் என்று சுற்றிவிட்டு செப்டம்பரில் லண்டன்.

ரென்ஷா என்பவர் தயாரிப்பாளர், இயக்குவதும் அவரே. அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் முட்டிக்கொள்கிறது. என் வாய். நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார்: "மிஸ் நட்டல், என்னை முழுங்கப் போறீங்களா? எதுக்கு இப்படி வாயத் திறக்கறீங்க? இது மேடைங்க, தறிக்கூடம் இல்ல. அந்தத் தறிக்காரி வாய மில்லுலயே விட்டுட்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பக்கத்துத் தறியில் ஆறு வருடம் நின்றேனே. அந்த இரைச்சலில் சத்தம் போட்டுப் பயனில்லை என்று நாம் எல்லாரும் உதட்டாலேயே பேசிப் பழகிய வாய் இது. கடைசி வரிசைக்காரனுக்கும் என் பாட்டில் ஒரு சொல் தப்புவதில்லை என்றால் இந்த வாயால்தான். அவருக்கு அது எங்கே புரியப்போகிறது. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மே ஏழாம் தேதி முதல் காட்சி. மேல்மாடிக் கேலரியில் உனக்கு ஓர் இடம் எடுத்து வைத்திருக்கிறேன். வராமல் இருந்துபார், தெரியும்.

உன் தங்கை,
ஐவி


பர்ன்லி
19 ஏப்ரல் 1955

அன்புள்ள ஐவிக்கு,

கடிதம் வந்தது. உன் தொண்டையைப் பார்த்துக்கொள். என் இருமல் பஞ்சோடு வந்தது, பஞ்சோடுதான் போகும். அவர் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் கூடிவிட்டது.

உன் செய்தியை மில்லில் சொன்னேன். சொன்னேன் என்றால் என் தறியிலிருந்து வாயசைத்தேன், அரை நிமிடத்தில் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தக் கோடியிலிருந்து டாட்டர்சால் அம்மா, "நம்ம ஐவியா? எந்தப் பல்லும் விழாம இருக்காளா?" என்று கேட்டாள். எல்லாப் பல்லும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஜூலையில் மில் மூடி ஊரே பிளாக்பூலுக்கு விடுமுறை போகுமே, அப்போது எல்லாரும் உன்னைப் பார்க்க வருவார்களாம்.

ஏழாம் தேதி வருகிறேன். அவர் வரமாட்டார், கேலரிப் படி ஏற முடியாது.

இப்படிக்கு,
ஹெட்டி


மான்செஸ்டர்
9 மே 1955

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏன் கேட்கிறேன் என்றால், ஆட்டம் முடிந்து பின்வாசலில் அரை மணி நேரம் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் உனக்காக நின்றேன். நீ வரவே இல்லை. கேலரியின் இடது ஓரத்தில் உன் பச்சைத் தொப்பியை இடைவேளை வரை பார்த்தேன். அதற்குப் பிறகும் இருந்தாயா?

ஜனங்கள் கைதட்டியே ஆறு முறை திரையைத் திரும்பத் தூக்க வைத்தார்கள். கடைசிப் பாட்டில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதைப் பற்றி நீ என்ன நினைத்தாய்? மற்றவன் ஆயிரம் சொல்லட்டும், நீ சொல்வது எனக்கு வேண்டும். வரிக்கு வரி எழுது.

உன்,
ஐவி


பர்ன்லி
14 மே 1955

அன்புள்ள ஐவிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதனால் கிளம்பிவிட்டேன். உன் நீலக் கவுன் எடுப்பாக இருந்தது. மேடையில் குடைகள் எல்லாம் ஒன்றாக விரிந்தது நன்றாக இருந்தது. கேலரியில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி ஆட்டம் முடியும்வரை ஆரஞ்சு தின்றாள்.

லண்டனுக்கு நீதான் என்று ரென்ஷா காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? சும்மா கேட்கிறேன். எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள்.

மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று உன் அத்தான் சொல்லச் சொன்னார்.

தேனோடு கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்துக் குடி.

ஹெட்டி


லீட்ஸ்
30 மே 1955

அக்கா,

எலுமிச்சை சேர்த்தேன், தொண்டை தேவலை. உன் இருமல் தேவலையா? சரி, சுகம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

கவுன் எடுப்பாக இருந்ததா! பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒருத்தி கதாநாயகியாக மேடையேறி ஏழு பாட்டுப் பாடுகிறாள். கூடப் பிறந்தவள் கவுனையும் ஆரஞ்சுத் தோலையும் பற்றி எழுதுகிறாள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை? அவ்வளவு மட்டமாகவா இருந்தது? மட்டம் என்றால் மட்டம் என்று எழுதேன். உனக்கு வாய் இல்லையா என்ன.

மாடி அறை எதற்கு எனக்கு? நான் என்ன ஓட்டாண்டியாகவா திரும்பி வரப்போகிறேன்?

இதற்காவது நேராகப் பதில் சொல். பர்மிங்ஹாமில் இந்தக் கிறிஸ்துமஸ் பாண்டமைம் கேளிக்கை நாடகத்தில், எப்போதும் பெண் போடுகிற அந்த இளவரசன் வேஷத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெரிய அரங்கம், நிச்சயமான வேலை. ஜூன் பத்துக்குள் பதில் வேண்டுமாம். லண்டனில் நான் ஆடிக்கொண்டிருந்தால் அங்கே போக முடியாது. ரென்ஷாவைக் கேட்டேன். "லண்டன் உங்களுக்காகக் காத்திட்டிருக்கு, மிஸ் நட்டல். குட்டி இளவரசன் வேஷமெல்லாம் எதுக்கு?" என்று தோளைத் தட்டினார். எழுதித்தரக் கேட்டால், பிளாக்பூல் முடியட்டும், எல்லாருக்கும் சேர்த்து எழுதலாம் என்கிறார்.

வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா? பத்தாம் தேதிக்குள் சொல்.

ஐவி


கிளாஸ்கோ
16 ஜூன் 1955

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாயா? அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? தினமும் காலையில் விடுதிக்காரி தபாலை மேஜையில் போடும்போது உன் கையெழுத்தைத் தேடுகிறேன். ஒன்பதாம் தேதிவரை காத்திருந்தேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பர்மிங்ஹாமுக்கு 'மன்னிக்கவும், வர இயலாது' என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

நான் உனக்கு என்ன செய்துவிட்டேன்? அதையாவது சொல்.

ஐவி


பர்ன்லி
24 ஜூன் 1955

அன்புள்ள ஐவிக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்திருக்கிறேன்.

மான்செஸ்டரில் இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். மேடைக்குப் பக்கத்து பாக்ஸ் தடுப்பில் ரென்ஷா (நிகழ்ச்சித் தாளில் அவர் படம் இருந்தது) ஒரு பெரிய மனிதரோடு உட்கார்ந்திருந்தார், மூலதனம் போட்டவர் போலிருக்கிறது. எனக்கு நேர் எதிரே இரண்டு முகமும். தறிக்கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி முணுமுணுத்தாலே உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் தானாகப் போனது.

அந்த மனிதர், "பிரமாதமா பாடறா. ஆனா வயசும் மூஞ்சியும்..." என்றார். அதற்கு ரென்ஷா, "கவலைப்படாதீங்க. ஊர் ஊரா நாடகத்தைப் பழக்கறதுக்குத்தான் இவ. பிளாக்பூலோட கழட்டி விட்டுடலாம். லண்டனுக்கு டாஃப்னி லேன், கையெழுத்தே போட்டாச்சு. இவகிட்ட இப்பவே சொன்னா பாதியில போயிடுவா" என்றார். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

டாஃப்னி லேன் யாரென்று எனக்குத் தெரியாது. டாட்டர்சால் அம்மாவின் பெண்ணைக் கேட்டேன், ஏதோ சினிமாவில் குதிரைமேல் வந்தவளாம்.

உன் மனம் ஒடிந்துபோகும் என்றுதான் சொல்லவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். ரென்ஷாவே மனம் மாறினாலும் மாறலாம் என்று நினைத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெட்டி


கிளாஸ்கோ
27 ஜூன் 1955

ஹெட்டிக்கு,

உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ரென்ஷாவின் அறைக்குப் போனேன். நீ எழுதியதை அப்படியே, அவன் சொன்ன சொல்லாலேயே சொன்னேன். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "யார் சொன்னது? பாக்ஸ்ல நாங்க ரெண்டே ரெண்டு பேர்தான் இருந்தோம்!" என்றான். இல்லை என்று மறுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சத்தமில்லாம பிளாக்பூல் வரைக்கும் ஆடிக் குடுத்துடுங்க. நடுவுல போனா இந்த நாட்டுல ஒரு மேடையும் உங்களுக்குக் கதவு தொறக்காது, நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஆடுகிறேன். தினமும் அந்த நீலக் கவுனை மாட்டிக்கொண்டு, எவளோ ஒருத்திக்காகச் செருப்பைப் பழக்குகிறவள் மாதிரி ஆடுகிறேன்.

அவன் அயோக்கியன். அவனிடம் எனக்கு வேறு என்ன எதிர்பார்ப்பு? நீ? மே ஏழாம் தேதி உனக்குத் தெரியும். ஜூன் பத்துவரை பர்மிங்ஹாம் என் கையில் இருந்தது. உன்னைத்தானே கேட்டேன்! ஒரு வார்த்தை. 'போ' என்று ஒரே ஒரு வார்த்தை ஒரு தபால் அட்டையில் எழுத உனக்குக் கை வரவில்லை. என் மனம் ஒடியுமாம். ஒடியட்டுமே, அது என் மனம்தானே. இப்போது மனமும் ஒடிந்தது, வேலையும் போனது.

பிளாக்பூலுக்கு ஊரோடு வருவாய் என்று தெரியும். டிக்கெட் வாங்கினால் யாரும் தடுக்க முடியாது. பின்வாசலுக்கு மட்டும் வராதே.

ஐவி நட்டல்


பர்ன்லி
18 ஜூலை 1955

ஐவிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

பின்வாசலுக்கு வராதே என்றாய், வரவில்லை. ஆனால் சனிக்கிழமை கேலரியில் நடந்தது உனக்கு மேடையிலிருந்து முழுதாகத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்.

அந்தக் கேலரியில் முக்கால்வாசி நம் மில்லும் பக்கத்து மில்லும்தான். கடைசித் திரை தூக்கியதும் ரென்ஷா உன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து பேச ஆரம்பித்தார். "நம்ம அருமை ஐவி ரொம்பவே களைச்சுப் போயிட்டாங்க. லண்டன் பயணம் தன்னால முடியாதுன்னு அவங்களே எங்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. கண்ணீரோட விடை கொடுக்கறோம்." நீ பக்கத்தில் சிரித்த முகமாக நின்றாய். பிறகு உன் வாய் திறந்தது. சத்தமே இல்லை. அந்த ஆள் நீளத்துக்குப் பேசிக்கொண்டே போகிறார், அவர் பக்கத்தில் நின்று நீ எங்களுக்கு உதட்டால் சொல்கிறாய்: "பொய். நான் களைக்கல. என்னைத் தூக்கி எறிஞ்சுட்டான். குதிரைமேல வந்தவளுக்கு என் பாட்டைக் குடுத்துட்டான். மூஞ்சிக்கு நேரா சொல்ல இந்தப் பயலுக்குத் துணிச்சல் இல்ல."

கேலரியில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அடுத்த நிமிடம் டாட்டர்சால் அம்மா எழுந்து, "யாருடா களைச்சது? உங்கொப்பனா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு முந்நூறு பேர் காலால் பலகையைத் தட்டினோமே, கூரை இடிந்து விழும் என்று பயந்தேன். கீழே விலை உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரென்ஷா தனக்குத்தான் இந்த ஆரவாரம் என்று நினைத்து மூன்று முறை குனிந்து கும்பிட்டார். ஐவி, நானும்தான் தட்டினேன். என் செருப்புக் குதி பிய்ந்துவிட்டது.

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். "எங்க அக்காவுக்கு மே மாசமே தெரியும். எனக்குச் சொல்லல."

முந்நூறு பேரும் திரும்பினார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில் என் பெட்டியில் உன் அத்தானைத் தவிர ஒருவரும் ஏறவில்லை. இன்று மில்லில் நான் பார்க்கிற பக்கமெல்லாம் வாய்கள் மூடிக்கொள்கின்றன. எங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, அது தெரிந்துதான் செய்தாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் உன் படத்தை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஊரே என்னைப் பற்றி நினைக்க வேண்டியதை நினைத்தாயிற்று, இனி மறைத்து என்ன. உன் மனம் ஒடியும் என்று சொல்லவில்லை என எழுதினேனே, அது பொய். பாக்ஸில் அவர்கள் பேசியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். அதனால்தான் பாதியில் எழுந்து ஓடினேன், உன் முகத்தைப் பார்க்க முடியாமல். நீ பெட்டியோடு வந்து மாடி அறையில் இருப்பாய், நான் மட்டும் இங்கே கிடக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு ஆள் எடுக்க வந்த அந்தப் பாட்டுக்குழுக்காரனுக்கு நாம் இருவரும்தான் பாடிக் காட்டினோம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நீ கிளம்பினாய், நான் தறிக்கே திரும்பினேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, தெரியும். ஆனாலும் பதினெட்டு வருடமும் நான் உன்மேல் கோபமாகத்தான் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் உன் தொண்டையை விசாரித்துக்கொண்டே.

இன்னொன்று. கடைசிப் பாட்டைப் பற்றி வரிக்கு வரி கேட்டாய். ஆட்டத்தின் கடைசிப் பாதியை நான் அன்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. தறி என் காதைத் தின்றுவிட்டது, ஐவி. ஒன்று முழுசாகப் போய் மூன்று வருடம். மற்றதில் பாதிதான் மிச்சம். மேடையில் நீ பாடியதை நான் கேட்கவில்லை, உன் வாயைப் பார்த்தேன். சொல் ஒவ்வொன்றும் வந்தது. ராகம் வரவில்லை.

உன் அத்தானுக்கும் இது தெரியாது. தெரிந்தால் தறியை விட்டு நிற்கச் சொல்வார்.

ஹெட்டி


பர்ன்லி
22 ஆகஸ்ட் 1955

ஐவிக்கு,

ஐந்து வாரமாயிற்று. நீ எங்கே இருக்கிறாய் என்றுகூடத் தெரியவில்லை. பழைய லண்டன் விலாசத்துக்கு எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஹெட்டி


லண்டன்
26 செப்டம்பர் 1955

அக்கா,

சாப்பிடுகிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பேனாவை உடைக்கலாம் போல இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

போன திங்கள்கிழமை ரென்ஷாவிடமிருந்து ஆள் வந்தது. டாஃப்னி லேன் அழகாக இருக்கிறாளாம், சுருதி சேருகிறதாம், ஆனால் அவள் பாடுகிற சொல் பத்தாவது வரிசையைத் தாண்டவில்லையாம். 'அந்த வாயசைப்பை' அவளுக்குக் கற்றுக்கொடுக்க நான் வர முடியுமா என்று கேட்டு ஒரு சீட்டு. மேடையில் இல்லை, ஒத்திகை அறையில், பெயர் போடாமல். அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தேன்: 'பர்ன்லியில் தறி காலியாக இருக்கும். பெண்ணை ஆறு வருடம் நிற்க வையுங்கள், தானாக வரும்.' ஆள் அதைப் படித்துவிட்டு, "இத அப்படியே குடுக்கணுமாங்க?" என்றான். அப்படியே கொடு என்றேன்.

கதவெல்லாம் சாத்திவிடுவேன் என்றானே, அதில் மட்டும் சொன்ன சொல் காப்பாற்றினான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கிடைத்தது ஹாலிஃபாக்ஸ் பாண்டமைமில், இரண்டு பேர் ஒரே தோலுக்குள் புகுந்து ஆடுகிற பசு மாட்டின் பின்னங்கால். வாயே தேவைப்படாத வேஷம். சிரிக்காதே. நான் சிரித்து முடித்த பிறகு ஒரு மணி நேரம் அழுதேன்.

உனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினாயே, அந்த வரியை நூறு முறை படித்தேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. பர்மிங்ஹாமை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் உன் வாழ்நாளில் நீ எனக்கு எழுதிய ஒரே உண்மைக் கடிதம் அது. மற்றதெல்லாம் எலுமிச்சை.

கேலரியில் உன்னை மாட்டிவிட்டது எனக்கு அந்த நொடியில் இனித்தது. அதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் மில்லில் உன் எதிரே வாய்களை மூடிக்கொள்கிறார்கள் என்றால், அதைத் திறக்கிற வேலை என்னுடையது. வியாழக்கிழமை நாலு மணி ரயிலில் வருகிறேன். மில் விடுகிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன். எல்லாரும் பார்க்க உன் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து போகலாம். டாட்டர்சால் அம்மா ஏதாவது வாயசைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தானிடம் காதைப் பற்றி அதற்குள் நீயே சொல்லிவிடு. நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன், கத்திச் சொல்வேன்.

மாடி அறையைக் கூட்டி வை. சமையலறையில் ஒரு நாற்காலி போடு. உனக்கு மிச்சமிருப்பது எந்தக் காது என்று நீ எழுதவில்லை. வலதா, இடதா? அந்தப் பக்கம் நின்று, உன் காதோரம் வாயை வைத்து, அந்தக் கடைசிப் பாட்டை முழுசாகப் பாடுகிறேன். கேட்டுவிட்டு வரிக்கு வரி சொல். அதற்குப் பிறகு நம் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

உன் தங்கை,
ஐவி